ஒழுங்கற்ற அதிர்வு

யுவராஜ் தன் மனைவிக்கு எழுதிய முதல் கடிதம் ஒரு நோட்டீஸாகப் போய்விட்டது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருடங்களில் அவளுக்கு அவர் ஒரு வரி எழுதியது கிடையாது. இப்போது பார்த்தால் ஒன்றரைப் பக்கம். மூன்று பிரிவு, இரண்டு உட்பிரிவு, கீழே அவருடைய சொந்தக் கையெழுத்து.

பிருந்தா அதைக் கட்டிலில் சாய்ந்தபடி கைப்பேசியில் சத்தமாக வாசித்தாள். பக்கவாதம் வந்ததிலிருந்து அவள் வாய் இடது ஓரத்தில் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். ஆனால் கிண்டலுக்கு அது எந்த வகையிலும் தடையாக இல்லை.

"'பதிவுபெற்ற புழுப்பண்ணையை ஒட்டியுள்ள தங்கள் இல்லத்திலிருந்து, கடந்த ஏழு நாட்களில் மூன்று முறை ஒழுங்கற்ற அதிர்வு பதிவாகியுள்ளது. தாங்கள் இதனை உடனே நிறுத்தத் தவறினால்...' ஏனுங்க, நல்லாத்தான் எழுதியிருக்கறீங்க. தாங்கள்னெல்லாம் போட்டிருக்கறீங்க. இத்தன வருசத்துல ஒரு நாளாச்சும் என்னையத் தாங்கள்னு கூப்புட்டிருப்பீங்ளா?"

"நான் எழுதல பிருந்தா. அது தானாப் போகுது."

"கையெழுத்து?"

"அதுவும் தானா."

அது உண்மைதான். இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரில், இரு பக்கமும் விளக்கு தெரியும்படி, அதிர்வுமானி ஒன்று பொருத்தியிருந்தது. அது வாரத்தில் மூன்று முறை சிவப்பு காட்டினால் நகராட்சிக் கணினி தானே நோட்டீஸைத் தயாரித்து, தானே பிரிவு அலுவலரின் கையெழுத்தைப் போட்டு, தானே அனுப்பிவிடும். இந்த 'தானே'யை விதிகளில் மூன்று இடங்களில் சேர்த்தவர் செம்பாளையம் நகராட்சியின் நகரமைப்புப் பிரிவு அலுவலரான யுவராஜ்தான். மனிதர்கள் தலையிட்டால் தயவு தாட்சண்யம் வந்துவிடும் என்பது அவருடைய பயம். அந்தப் பயம் இப்போது முழுமையாகத் தீர்ந்திருந்தது.

பிருந்தா செய்த ஒரே குற்றம், நடந்ததுதான். நான்கு கால் ஊன்றுசட்டத்தைப் பிடித்துக்கொண்டு கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நடந்தாள். வலது கால் ஒரு சத்தம், இடது கால் இழுபடும் ஒரு சத்தம், நடுவில் எப்போது வேண்டுமானாலும் சட்டத்தின் சத்தம்.

அன்று காலை பத்து மணிக்கு இயன்முறை மருத்துவர் ரெபெக்கா வந்தாள். நாகர்கோவில்காரி. இந்த ஊருக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நோட்டீஸைப் பார்த்தும் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"சார், நடக்கதுக்கு எதுக்கு நோட்டீஸ்?"

யுவராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். விதிகளைப் பற்றி யாராவது கேட்டால் அவர் முகத்தில் ஒரு பிரகாசம் வரும். அது நல்லதற்கல்ல என்று பிருந்தாவுக்குத் தெரியும். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பனியன் புழு தெரியுமில்லீங்களா?"

"துணி திங்கிற மண்புழு. கேட்டிருக்கேன்."

"அதேதானுங்க. பனியன் கம்பெனி கட்டிங் வேஸ்ட் அத்தனையும் திங்கும். பாலியெஸ்டர் கலந்திருந்தாலும் உடாது. தின்னுப்போட்டு கடுகாட்ட மணிமணியாக் கழிக்கும். அந்த மணிய உருக்கி மறுபடியும் நூலாக்கிக்கலாம். முன்னெல்லாம் இங்க வீட்டுக்கு வீடு தையல் மெஷின். இப்ப வீட்டுக்கு வீடு புழுத்தொட்டி."

"சரி. அதுக்கும் அக்கா நடக்கதுக்கும் என்ன?"

"அந்தப் புழுவுக்கு ஒரு குணம். ஒரே மாதிரி அதிர்வுன்னா ரெண்டு மூணு நாள்ல பழகிக்கும். லாரி போகட்டும், தறி ஓடட்டும், அதுபாட்டுக்குத் தின்னுட்டிருக்கும். ஆனா தாறுமாறா அதிர்ந்துச்சுன்னா, என்னமோ தன்னையப் புடிக்க வருதுன்னு பயந்து மொத்தமும் மேல ஏறி வந்துரும். ஏறுனா ரெண்டு நாளைக்கு வாய் வெக்காது. பண்ணைக்காரங்களுக்கு நட்டம். அதனால குடியிருப்புப் பகுதில ஒழுங்கற்ற அதிர்வு கூடாதுன்னு பிரிவு முப்பத்தொண்ணு."

ரெபெக்கா விரல்விட்டு எண்ணினாள். "அப்போ லாரி போலாம். தறி ஓடலாம். நொண்டுறவங்க மட்டும் நடக்கக் கூடாது."

"அப்படி எழுதலீங்க. ஆனா விதிப்படி பார்த்தா..."

"யாரு சார் எழுதுனது இத?"

"ஒரு கமிட்டி," என்றார் யுவராஜ்.

பிருந்தா கண்ணைத் திறக்காமலே, "அந்தக் கமிட்டி இப்ப நாற்காலில உக்காந்திருக்குது கண்ணு," என்றாள்.

ரெபெக்கா சிரிக்கவில்லை. பையை மூடிக்கொண்டே சொன்னாள். "சார், ஆறு மாசம். அதுக்குள்ள கால் எத படிக்குதோ அதான் நிக்கும். நடக்கலன்னா நடக்கவே படிக்காது. தப்பா நடந்தா தப்பத்தான் படிக்கும். ஏற்கனவே ரெண்டு மாசம் போச்சு. மணிக்கு ஒருக்க பத்து நிமிஷம் அக்கா நடந்தே ஆகணும். புழுகிட்ட நீங்க பேசிக்கிடுங்க."

விதிகள் பிறந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். நான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு கவுன்சிலர் வீட்டுக் கொடியில் காய்ந்த ஏழு வெள்ளை வேட்டிகளைப் பக்கத்துப் பண்ணையிலிருந்து தப்பிய புழுக்கள் சாப்பிட்டுவிட்டன. அடுத்த கூட்டத்திலேயே, குடியிருப்புகளில் வணிகப் புழு வளர்ப்புக்கு விதிகள் வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். எழுதும் வேலை யுவராஜிடம் வந்தது. நாற்பத்திரண்டு பக்கம் எழுதினார். ஒரு வீட்டில் எத்தனை தொட்டி, தொட்டிக்கும் அடுத்த வீட்டுத் துணிக்கொடிக்கும் எவ்வளவு தூரம், நாற்றத்தை யார் மோந்து பார்த்துச் சான்று தருவது என்று எதையும் விடவில்லை. மனிதர்களைப் புழுக்களிடமிருந்து காப்பதற்காக நாற்பது பக்கம். கடைசி நாளில் பண்ணைக்காரர் சங்கத்தினர் வந்து, 'எங்க புழுவுக்கும் ஏதாச்சும் எழுதுங்க' என்றார்கள். பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்த மதியம் அது. மனம் தாராளமாக இருந்தது. பிரிவு முப்பத்தொன்றை எழுதினார். கல்யாண மேளத்தையும் பட்டாசையும் நினைத்துத்தான் எழுதினார். மனிதர்களின் கால்கள் அவர் ஞாபகத்தில் வரவே இல்லை.

வந்திருக்க வேண்டும். ஆறாவது வீட்டுக் குழந்தை நடை பழகும் பருவத்தில் அதை ஈரோட்டுக்குச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கேயே நடக்கப் பழகி, ஓடத் தெரிந்த பிறகுதான் அது திரும்பி வந்தது. வீதியில் பெண் பிள்ளைகள் பாண்டி ஆடுவதை விட்டுவிட்டு அணிவகுப்பு மாதிரி நடந்து பள்ளிக்குப் போனார்கள். இதையெல்லாம் அவர் பார்த்தார். பார்த்து, விதி நன்றாக அமலாகிறது என்று உள்ளூரப் பெருமைப்பட்டார். 

அடுத்த ஒரு வாரம் யுவராஜ் தொழில்நுட்ப ரீதியாகச் சிந்தித்தார். ஊன்றுசட்டத்தின் நான்கு கால்களுக்கும் தன்னுடைய சாக்ஸை மாட்டினார். சிவப்பு எரிந்தது. தரையில் மெத்தையை விரித்தார். பிருந்தா அதில் கால் புதைந்து, விழப்போய், அவர் சட்டையைப் பிடித்துத் தொங்கினாள். படுத்துக்கொண்டே காலை ஆட்டினால் போதாதா என்று ரெபெக்காவுக்குப் போன் செய்து கேட்டார். அவள் போனை வைத்துவிட்டாள். அந்த ஒரு வாரத்தில் பிருந்தாவின் இடது பாதம் இன்னும் கொஞ்சம் உள்பக்கமாகத் திரும்பியது. அதை இரண்டு பேருமே பார்த்தார்கள்.

கடைசியில் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். நான்கு வருடங்களாக அந்த வீட்டுக்குள் அவர் அலுவலராக மட்டுமே போயிருந்தார். ஜீவிதா அவரைக் கண்டதும் வெளிறிப் போய், அவர் வாயைத் திறக்கும் முன்பே பதிவுச் சான்றிதழை எடுத்து நீட்டினாள். நாற்பது வயதிருக்கும். முன்பு ஓவர்லாக் மெஷின் ஓட்டியவள். கூடத்தில் தையல் மெஷின்கள் இருந்த இடத்தில் இப்போது இருபது தொட்டிகள். அதுதான் உச்சவரம்பு, பிரிவு நான்கு.

"அண்ணா, நான் புகார் ஒண்ணும் குடுக்கலீங்ணா. சத்தியமா. அந்த மீட்டருதான்."

"தெரியுமுங்க. அதைய கொஞ்ச நாளைக்கு அணைச்சு வெக்க முடியுமான்னு கேக்கத்தான்..."

"அணைச்சா பதிவு ரத்துன்னு நீங்கதானுங்களே எழுதியிருக்கறீங்க."

எழுதியிருந்தார். பிரிவு முப்பத்திரண்டு. அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். ஜீவிதாவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். சான்றிதழை இடுப்பில் செருகிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"ஒண்ணு சொன்னாத் தப்பா நெனைக்க மாட்டீங்ளே? அக்கா நடக்கறப்ப புழு ஏறுது பாருங்க, அந்தாட்ட நான் என்ன பண்ணியும் ஏற மாட்டீங்குதுங்ணா."

"நீங்க எதுக்கு ஏத்தோணும்?"

"பத்து நாளைக்கு ஒருக்கா அறுவடை இல்லீங்ளா? புழு மேல ஏறுனாத்தான அதைய அள்ளி வெச்சுட்டு அடில இருக்கற மணிய எடுக்க முடியும். குச்சில தட்டுவேன். என் தட்டுக்குப் பழகிப்போச்சு. சங்கத்துல மெஷின் குடுத்தாங்க, மூணு தட்டுல அதுக்கும் பழகிப்போச்சு. அக்கா காலு மட்டுந்தானுங்க, ஒரு அடி மாதிரி ஒரு அடி இருக்கறதில்ல. அடிக்கடி ஏறுனாத்தான் நட்டம். அறுவடைக்கு ஏறுனா அது பாக்கியமுங்க. மத்த நாளைக்குத் தொட்டிய செவுத்த விட்டுத் தள்ளி வெச்சுக்கறனுங்க."

யுவராஜின் முகத்தில் அந்தப் பிரகாசம் வந்தது. பிரிவு பத்தொன்பது! பண்ணை வேலை சார்ந்த அதிர்வுக்கு விலக்கு உண்டு. பிருந்தா பண்ணைப் பணியாளராகிவிட்டால் அவள் நடை பண்ணை வேலை. வீட்டில் நடப்பது அந்த வேலைக்கான பயிற்சி. அன்று மதியமே அலுவலகத்தில் உட்கார்ந்து 'ஏற்றப் பணியாளர்' என்று ஒரு புதிய வகையை உண்டாக்கினார். இரண்டு வீடுகளின் அளவில் அந்த அனுமதி செல்லும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அலுவலர் நேரில் ஆய்வு செய்ய வேண்டும். ஏற்றம் நடந்த பின் புழுக்கள் மேலே வராவிட்டால் அனுமதி தானே ரத்தாகும். 'தானே' இல்லாமல் அவருக்கு எழுத வரவில்லை.

முதல் நாள் பிருந்தா பக்கத்து வீட்டுக்கு நடந்து போக இருபது நிமிடம் ஆனது. தொட்டிகளின் வரிசைக்கு நடுவே சட்டத்தை ஊன்றி நாலு அடி வைத்தாள். கறுப்பு மணிகள் அசைந்தன. பிறகு தொட்டி முழுக்கச் சேமியாவைக் கவிழ்த்தது போலப் புழுக்கள் மேலே வந்து நெளிந்தன. ஜீவிதா கையைத் தட்டிவிட்டு, உடனே பயந்து கையைக் கட்டிக்கொண்டாள். பிருந்தா சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

"பாத்தீங்ளா? நான் வந்தா எந்திரிச்சு நிக்கறதுக்கு ஒரு கூட்டம் இருக்குது. உங்களுக்கு ஆபீஸ்ல பியூனாவது எந்திரிப்பாரா?"

இல்லை என்று யுவராஜ் ஒப்புக்கொண்டார்.

மூன்று மாதங்கள் அப்படிப் போயின. பிருந்தாவுக்குப் புகைப்படம் ஒட்டிய அடையாள அட்டை வந்தது. அறுவடை நாட்களில் காலை பதினொரு மணிக்கு வேலைக்குக் கிளம்புவாள். பக்கவாதம் வந்த நான்காவது மாதத்தில் ஊன்றுசட்டம் போய்க் கைத்தடி வந்தது. பிறகு கைத்தடியும் பேருக்குத்தான். பக்கத்து ஊர் நகராட்சிகள் 'ஏற்றப் பணியாளர்' விதியின் நகலைக் கேட்டு எழுதின. மனைவியின் காலை மீட்டெடுத்ததோடு நிர்வாகத்துக்கும் ஒரு பங்களிப்பைச் செய்துவிட்டதாக யுவராஜ் நினைத்தார். குளிக்கும்போது பாட்டுகூடப் பாடினார்.

ரெபெக்கா மட்டும் ஒரு நாள் வாசலில் அவரை நிறுத்தினாள்.

"சார், எனக்கு ஒண்ணு பிடிபடல. தசைல பெலன் வந்தாச்சு. முட்டி மடங்குது. பாதம் நேரா நிக்குது. ஆனா நடக்க விட்டா இழுக்காங்க. ஒரு மாசமா அதே இழுப்பு. முன்ன ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி இழுக்கும். இப்ப அச்சுல வார்த்த மாதிரி இருக்கு. இன்னும் ஒரு மாசம்தான் சார் நமக்கு. அப்புறம் அது நிலைச்சுப் போவும்."

"பொறுமையா வரட்டுமுங்க," என்றார் யுவராஜ். அனுமதி கைவசம் இருக்கும் தைரியம். யோசித்துப் பார்த்தால், அந்த மூன்று மாதத்தில் அவர் அனுமதியைப் பார்த்த அளவுக்குக் காலைப் பார்க்கவில்லை.

ஆய்வு நாள் வந்தது. கணவனே மனைவியை ஆய்வு செய்யலாமா என்று விதியில் இல்லை. பிரிவில் வேறு அலுவலரும் இல்லை. யுவராஜ் சட்டையை மாற்றிக்கொண்டு, கோப்போடு பத்தேமுக்காலுக்கே பக்கத்து வீட்டுக்குப் போனார். பிருந்தா புடவை மாற்றிக்கொண்டிருந்தாள். பின்னால் வருவதாகச் சொன்னாள்.

படிவத்தின் முதல் கட்டம் 'ஏற்றத்துக்கு முந்தைய நிலை'. அதாவது பணியாளர் வருவதற்கு முன்பே தொட்டியைத் திறந்து பார்த்து எழுத வேண்டும். எந்த அலுவலரும் அந்தக் கட்டத்தைப் பார்த்தே நிரப்ப மாட்டார். உட்கார்ந்த இடத்தில் 'சரி' என்று எழுதிவிடுவார். யுவராஜ் எழுதமாட்டார். ஜீவிதா காபி கொண்டுவர உள்ளே போயிருந்தாள். அவர் முதல் தொட்டியின் மேலிருந்த ஈரத்துணியை விலக்கினார்.

புழுக்கள் அத்தனையும் மேலே இருந்தன.

இரண்டாவது தொட்டியும் அப்படியே. ஐந்தாவதும் அப்படியே. பிருந்தா இன்னும் ஓர் அடி வைக்கவில்லை.

"ஜீவிதா, இதெல்லாம் எப்ப ஏறுச்சு?"

காபி டம்ளரோடு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அப்போதுதான் யுவராஜ் அவள் விரல்களைப் பார்த்தார். நகக்கண் எல்லாம் கறுத்து, நான்கு விரல்களில் பிளாஸ்திரி. அந்த மணிகள் மணலை விடச் சொரசொரப்பானவை.

"அக்காகிட்டச் சொல்லிப்போடாதீங்ணா," என்றாள், குரலைத் தாழ்த்தி. "இருபத்திநாலு நாளாச்சு. புழு ஏறவே இல்ல. அக்கா வந்து நடந்துட்டுப் போவாங்க. ஒண்ணுகூடத் தலையக் காட்டாது. நான் துணியப் போட்டு மூடி வெச்சுட்டு, ஏறிருச்சுங்க்கான்னு சொல்லி அனுப்பிப்போட்டு, கையால பொறுக்கறனுங்க. இன்னைக்கு நீங்க வருவீங்கன்னு காலைல நாலரைக்கே உக்காந்தேன். பத்தொம்பது தொட்டி முடிச்சேன். கடைசி ஒண்ணு முடியல."

"எதுக்குங்க இப்படி? ஏறலைன்னு சொல்லியிருந்தா..."

"சொன்னா அனுமதி போயிருமில்லீங்ளா? அப்பறம் அக்கா வூட்டுக்குள்ள நடந்தா மறுபடியும் நோட்டீசு. காலு தேறி வர்ற சமயத்துல எப்படீங்ணா படுக்கச் சொல்றது? புழுவப் பொறுக்கறது ஒண்ணும் கஷ்டமில்ல. ரெண்டு நாள் சோலி, அவ்வளவுதான்."

 அவள் நான்கு வருடங்களாக அவருடைய விதிகளுக்குப் பயந்து வாழ்ந்தவள். அதே விதிகளிடமிருந்து அவர் மனைவியைக் காப்பாற்ற விரல் தேயப் புழு பொறுக்கியிருக்கிறாள். யுவராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது சுவரிலிருந்த மீட்டர் கண்ணில் பட்டது. பச்சை. பொத்தானை அழுத்திப் பழைய பதிவைப் பார்த்தார். இருபத்திநாலு நாளும் பச்சை.

ஒரே மாதிரி அதிர்வுக்குப் புழு பழகிக்கொள்ளும். இதை ரெபெக்காவுக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து விளக்கியவர் அவர்தான். நிஜமான நொண்டலில் ஓர் அடி மாதிரி ஓர் அடி இருக்காது. நடிப்பில் இருக்கும். டாக்டருக்கே பிடிபடாததைப் புழு இருபத்திநாலு நாளைக்கு முன்பே கண்டுபிடித்திருக்கிறது. கட்டிய கணவருக்குத்தான் இன்று பதினொரு மணிக்குத் தெரிகிறது. அதுவும் ஒரு படிவத்தை நிரப்பப் போனதால்.

வாசலில் சத்தம் கேட்டது. தட், சர்ர். தட், சர்ர். கடிகாரம் போல. பிருந்தா அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, இடது காலை இழுத்து இழுத்து உள்ளே வந்தாள்.

"பிருந்தா," என்றார் யுவராஜ். "நேரா நட."

"என்னுங்க?"

"இழுக்காம நட."

பிருந்தா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஜீவிதாவை. பிறகு திறந்து கிடந்த தொட்டிகளை. "நேரா நடந்தா இவ பொழப்பு என்னாகறதுங்க?" என்றாள்.

"அக்கா..."

"ஒரு மாசத்துக்கு முன்னாலயே நேரா வந்துருச்சு ஜீவி. நீங்க ஆபீஸ் போனதும் சமையக்கட்டுல நடந்து பாத்தேனுங்க, ஜம்முனு வந்துச்சு. அழுகையே வந்துருச்சு. அப்பறம் இவள நெனச்சேன். குச்சிக்கும் ஏறல, மெஷினுக்கும் ஏறல, என் காலத்தான நம்பியிருக்கறா. அதான் இங்க வர்றப்பவும், டாக்டரும் நீங்களும் பாக்கறப்பவும் மட்டும் இழுத்துக்கிட்டேன். அறுவடைக்கு அறுவடை புழு ஏறுது ஏறுதுன்னு இவளும் சொல்லிட்டிருந்தா. சரி, ஒரு நாளைக்கு அரை மணி நேரந்தானன்னு..." அவள் குரல் இறங்கியது. "நாலு நாளா வூட்ல தனியா நடக்கறப்பவும் இழுக்குதுங்க. நான் இழுக்கல. அதுவா இழுக்குது. யார்கிட்டச் சொல்றதுன்னு தெரியல."

ஜீவிதா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தன் கைகளைப் புடவைக்குள் ஒளித்துக்கொண்டாள். தாமதம்தான். பிருந்தா பிளாஸ்திரிகளைப் பார்த்துவிட்டாள். பார்த்ததும் எல்லாம் புரிந்துபோய், "அடிப்பாவி," என்றாள். 

யுவராஜுக்குத் தன் மீதே கோபம் கோபமாக வந்தது. நேராக நடந்தால் அதிர்வு ஒழுங்கானது. ஒழுங்கான அதிர்வுக்கு அனுமதியே வேண்டாம். வீட்டில், வீதியில், எங்கு வேண்டுமானாலும் நடக்கலாம். இந்தச் சின்ன விஷயம் விதியை எழுதியவருக்கு ஒரு மாதமாக உறைக்கவில்லை. அவர் எழுதிய ஒரு தாளை நம்பி ஒருத்தி விரலைக் கெடுத்துக்கொண்டாள், இன்னொருத்தி காலைக் கெடுத்துக்கொண்டாள். அவர் குளிக்கும்போது பாட்டுப் பாடியிருக்கிறார்.

கடைசித் தொட்டி வரிசையை விட்டுத் தள்ளி இருந்தது, கை படாதது. அவர் அதன் துணியை எடுத்துப் போட்டார். மேலே கறுப்பு மணி மட்டும்தான்.

"தடிய குடு," என்றார். "இதைச் சுத்தி இழுக்காம நட. புழு ஏறுச்சுன்னா கால் இன்னும் தேறல. ஏறலைன்னா தேறிருச்சு. ரெபெக்காவ விட இதுக்குத்தான் நல்லாத் தெரியும்."

"ஏறிட்டா?"

அவர் தடியை வாங்கிச் சுவரில் சாய்த்தார். பதில் அவருக்கும் தெரியாது.

பிருந்தா நடந்தாள். முதல் அடியிலேயே இடது கால் தானாக இழுபட்டது. அவள் முகம் சுருங்கியது. இரண்டாவது அடியில் இழுப்பைத் தடுக்கப்போய்த் தடுமாறினாள். தொட்டியில் மணிகள் அசைந்தன. ஒரு புழு தலையை நீட்டியது. பக்கத்தில் இன்னொன்று. ஜீவிதா அந்தப் புழுக்களைப் பார்த்து, "போங்க சாமி, உள்ள போங்க," என்று முணுமுணுத்தாள். நான்கு வருடமாக மேலே வா, மேலே வா என்று கும்பிட்டவள் அவள்.

"என்னையப் பாக்காதீங்க," என்றாள் பிருந்தா. "ரெண்டு பேரும் திரும்பிக்கங்க."

திரும்பிக்கொண்டார்கள். யுவராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டு காதால் கேட்டார். தட், சர்ர். தட். தட், சர். தட், தட். தட், சர். எங்கோ ஒரு பெருமூச்சு. பிறகு தட், தட். தட், தட். தட், தட். தொட்டியை ஒரு சுற்று. இரண்டு சுற்று. ஏழாவது சுற்று வரை அவர் எண்ணினார், அதற்கு மேல் கணக்குத் தப்பியது. அழுகிறோம் என்பதே அவருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

ஜீவிதாதான் முதலில் திரும்பினாள். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். தலை நீட்டிய இரண்டும் உள்ளே போயிருந்தன. கறுப்பு மணிகள் அசையாமல் கிடந்தன.

"இல்லீங்ணா," என்றாள். "ஒண்ணுமே இல்லீங்ணா!"

யுவராஜ் கோப்பைத் திறந்து, 'ஏற்றத்துக்குப் பின் மேலே வந்த புழுக்கள்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினார். முப்பத்தோரு வருடச் சர்வீஸில் இதைவிட நல்ல வாக்கியம் அவர் எழுதியதில்லை. அனுமதி அந்த நிமிடமே தானாக ரத்தாகியிருக்கும். ஆகட்டும் என்று இருந்தது.

"அப்ப இனி புழுவ யாருங்க ஏத்தறது?" என்று ஜீவிதா கேட்டாள். சிரிப்பும் கவலையுமாக இருந்தாள்.

யுவராஜ் கோப்பை மூடிவிட்டுக் கொஞ்சம் நொண்டிப் பார்த்தார். தொட்டியில் சலனமே இல்லை. தாறுமாறாகக் குதித்தும் பார்த்தார். மீட்டர் பச்சையை விட்டு நகரவில்லை. அந்த மனுசன் தப்பான அடியைக்கூட ஒரே சீராகத்தான் வைப்பார் என்று பிருந்தா ஜீவிதாவிடம் விளக்கினாள்.

வேறு வழியில்லை. அவர் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டு, கடைசித் தொட்டி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மணிகளுக்குள் விரலை விட்டார். முதல் புழு வழுக்கிக்கொண்டு ஓடியது. இரண்டாவதைப் பிடித்தார். ஜீவிதா வேண்டாமுங்ணா, வேண்டாமுங்ணா என்று பதறினாள். நாளையிலிருந்து ஆபீஸ் போகும் முன் ஒரு மணி நேரம் வருகிறேன் என்றார். எந்தப் பிரிவின்கீழ் என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அவர் அந்த ஒரு தொட்டியைப் பொறுக்கி முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. அந்த இரண்டு மணி நேரமும் பிருந்தா அவரைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே இருந்தாள். ஒரு புழுகூட அவளைத் தலைதூக்கிப் பார்க்கவில்லை.